ஹெய்க் படக்கோப்பு: வைத்துக்கொள்ள நல்லது, கொடுத்தனுப்ப ஆகாது

ஐபோனில் எடுத்த கோவில் திருவிழாப் படங்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஏதாவது ஒரு போட்டோஸ்டாட் கடைக்குள் நுழையுங்கள். கடைக்காரர் கணினியில் படத்துக்குப் பதில் வெள்ளைத்தாள் மாதிரி ஒரு சின்னம் வரிசையாக வந்து நிற்கும். கீழே ஒரு நான்கு இலக்க எண், வால் பகுதியில் எச்இஐசி என்ற எழுத்துகள். "அண்ணே, இது தொறக்காது, ஜேபெக்கா மாத்திக் கொண்டாங்க" என்ற பதில் தயாராக இருக்கும். படம் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து வீடு திரும்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பூட்டுக்கு அந்தக் கடையில் சாவி இல்லை, அவ்வளவுதான்.

எச்இஐசி என்பதை வாயில் ஹெய்க் என்றே சொல்லிவிடுகிறார்கள். இங்கும் அப்படியே இருக்கட்டும். இதைச் செய்தது ஆப்பிள் என்று பலர் நினைக்கிறார்கள். வீடியோ, ஒலித் தரங்களை வகுக்கும் எம்பெக் குழு 2015இல் முடித்துக் கொடுத்த ஹெய்ஃப் என்ற பொதுத் தரம்தான் இதன் அடிப்படை. ஆப்பிள் 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 உடன் அதை எடுத்துக்கொண்டது. ஐபோன் 7 முதல் வந்த கைப்பேசிகள் இப்படித்தான் படம் சேமிக்கின்றன. ஹெய்ஃப் ஓர் அடுக்கு டிபன் கேரியர். ஒரு தட்டில் முழுப் படம், இன்னொன்றில் சின்ன முன்னோட்டப் படம், போர்ட்ரெய்ட் எடுத்திருந்தால் மூன்றாவதில் எது கிட்டே, எது தள்ளி என்ற தூரக் கணக்கு, அடியில் தேதியும் இடமும். அந்தக் கேரியருக்குள் எச்இவிசி என்ற வீடியோ சுருக்கமுறையில் சமைத்த படத்தை வைத்தால் அது ஹெய்க். அதே கேரியரில் ஏவி1 என்ற வேறொரு சுருக்கமுறையில் சமைத்து வைத்தால் ஏவிஃப். பெயர்க் குழப்பம் பாதி இதோடு தீர்ந்துவிடும்.

சரக்கு எப்படி? சுருக்குவதில் கெட்டிக்காரச் சரக்கு. 1992இல் வந்த ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக நறுக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்கும். அகலமான வானமும் அதே எட்டுக்கு எட்டு, மாலையில் உள்ள மல்லிகையும் அதே எட்டுக்கு எட்டு. எச்இவிசி அப்படி இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் 64க்கு 64 வரை பெரிய கட்டம், நுணுக்கம் கூடிய இடத்தில் சிறு கட்டம் என்று இடம் பார்த்து வெட்டும். பக்கத்துக் கட்டத்தில் என்ன இருந்தது என்பதை வைத்து இந்தக் கட்டத்தில் என்ன வரும் என்று 35 விதமாக ஊகித்துப் பார்த்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதும். இதனால்தான் ஏறக்குறைய பாதி அளவில் அதே தரம் கிடைக்கிறது.

தீமிதி இரவுப் படம் ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு வானம், அதன் குறுக்கே கட்டிய வண்ண பல்பு வரிசை, கீழே தணல். இதே கோப்பளவுக்கு இறுக்கிய ஜேபெக்கில் ஒவ்வொரு பல்பையும் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி புள்ளிகள் தெரியும். வானத்தில் சதுரம் சதுரமாகக் கோடு விழும். ஹெய்க்கில் பல்பின் விளிம்பு சுத்தமாக இருக்கும், வானம் வழவழப்பாக இருக்கும். ஆனால் அந்த வழவழப்புக்கு ஒரு விலை உண்டு. சந்தேகம் வந்தால் துடைத்துவிடுவது எச்இவிசியின் குணம். மங்கிய வெளிச்சத்தில் நிற்கும் பாட்டியின் முகத்துச் சுருக்கம், வேட்டியின் நூல் நெசவு போன்றவை கொஞ்சம் மெழுகு பூசியது போல ஆகும். கைப்பேசியின் இரவுநேர மென்பொருளும் தன் பங்குக்குத் துடைப்பதால் பழி முழுவதையும் கோப்பின் மேல் போடவும் முடியாது. 4ஆர் அளவில், அதாவது 4க்கு 6 அங்குலத்தில், அச்சடித்தால் எதுவும் தெரியாது.

கணக்கைப் பார்ப்போம். 12 மெகாபிக்சல் ஐபோன் படம், அதாவது 4032க்கு 3024 புள்ளி, ஹெய்க்கில் 2 எம்பிக்கு முன்னே பின்னே வரும். ஜேபெக்கில் அதைப்போல் இரு மடங்கு. செம்பனை ஓலையும் புல்லும் நிறைந்த படம் என்றால் ஹெய்க்கும் 3, 4 எம்பிக்கு ஏறும், ஏனென்றால் ஒவ்வொரு ஓலைக் கீற்றும் ஒரு விளிம்பு, ஊகம் அங்கே பலிக்காது. சராசரியாக 2 எம்பி என்று வைத்தால், ஐகிளவுட் இலவசமாகத் தரும் 5 ஜிபியில் சுமார் 2,500 படம். ஜேபெக் என்றால் 1,250தான். பழைய 64 ஜிபி ஐபோனை இரண்டாம் கையில் வாங்கி ஓட்டுகிறவர்களுக்கும், தோட்டத்துக்குள் லைன் கிடைக்கும் மேட்டில் நின்று படம் ஏற்றுகிறவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. சேமித்து வைக்கும் வேலைக்கு ஹெய்க்குக்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் போடலாம்.

அடி விழுவதெல்லாம் கைமாற்றும்போது. காரணம் தொழில்நுட்பம் இல்லை, காப்புரிமை. எச்இவிசியைத் திறக்கும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கேட்கும் கூட்டமைப்புகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. அதனால் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஹெய்க்கைத் தொடுவதில்லை; சஃபாரி மட்டும் 2023இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து காட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தை வாங்குகிறவர் தலையிலேயே கட்டிவிட்டது. விண்டோஸ் 10 கணினியில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறந்து இரண்டு பொருள் எடுக்க வேண்டும்: ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ், எச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ். முதலாவது இலவசம், இரண்டாவதற்கு 0.99 அமெரிக்க டாலர். முதலாவதை மட்டும் போட்டுவிட்டு "இன்னும் தொறக்கலியே" என்பதுதான் வழக்கமான தவறு. முதலாவது கேரியரின் மூடியைத் திறக்கும். உள்ளே இருப்பதைப் பரிமாற இரண்டாவது வேண்டும். விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பு முதல் ஹெய்ஃப் பகுதி கூடவே வருகிறது, எச்இவிசி பகுதி கணினி தயாரித்தவர் போட்டுக் கொடுத்திருந்தால்தான். விண்டோஸ் 7 ஓடும் கடைக் கணினியில் இந்த வழியே கிடையாது. அங்கே ஜிம்ப் 2.10 போலத் தன் சொந்தத் திறப்பானோடு வரும் இலவச மென்பொருள்தான் கதி.

அடுத்த இடி கேபிள். ஐபோனைக் கணினியில் செருகி 400 படத்தை இழுத்துவிட்டால், ஐம்பதோ அறுபதோ போனதும் "இணைத்த சாதனம் வேலை செய்யவில்லை" என்ற பொருளில் ஓர் ஆங்கில அறிவிப்பு வந்து நின்றுவிடும். கேபிளை மாற்றுவார்கள், துளையை மாற்றுவார்கள். குற்றம் கேபிளில் இல்லை. கைப்பேசி ஒவ்வொரு படத்தையும் போகிற போக்கில் ஜேபெக்காக மாற்றிக் கொடுக்க முயல்கிறது. விண்டோஸ் எதிர்பார்த்த நேரத்துக்குள் அது முடிவதில்லை. செட்டிங்ஸ் போய், ஃபோட்டோஸ் பகுதியில் (ஐஓஎஸ் 18இல் ஆப்ஸ் என்பதற்குள் ஒளிந்திருக்கிறது) அடிவரை இறங்குங்கள். மேக் அல்லது பிசிக்கு மாற்றுதல் என்ற தலைப்பின் கீழ் ஆட்டோமெட்டிக் என்று இருப்பதைக் கீப் ஒரிஜினல்ஸ் ஆக்குங்கள். 400 படமும் ஹெய்க்காகவே, வேகமாக, நிற்காமல் இறங்கும். மாற்றும் வேலையைப் பிறகு கணினியில் வைத்துக்கொள்ளலாம்.

வாலை மட்டும் மாற்றுவது இன்னொரு பழக்கம். எச்இஐசி என்பதை அழித்து ஜேபிஜி என்று எழுதினால் ஜேபெக் ஆகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆட்டுக்குப் பெயர் மாற்றினால் மாடாகாது. ஐயம் இருந்தால் கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள்: எஃப், டி, ஒய், பி என்ற நான்கு எழுத்தும் அதை ஒட்டி எச்இஐசியும் இருந்தால் வால் என்ன சொன்னாலும் அது ஹெய்க். ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்ற எழுத்துகள் தொடக்கத்திலேயே தெரிந்தால் ஜேபெக். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேடில் சேமித்தால் படம் போயே போச்சு.

"வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அதுவே மாத்திடும்" என்பது கடைகளில் கிடைக்கும் இலவச ஆலோசனை. மாற்றும், உண்மைதான். கூடவே, வழக்கமான தரத்தில் அனுப்பினால், நீள் பக்கத்தை 1600 புள்ளிக்குக் குறைத்து மறுபடியும் இறுக்கும். 4ஆர் படத்தின் நீளம் 6 அங்குலம்; 1600ஐ ஆறால் வகுத்தால் அங்குலத்துக்கு 267 புள்ளி, பரவாயில்லை. அதையே சுவரில் மாட்ட 12க்கு 18 அங்குலத்தில் கேட்டால் 89 புள்ளிதான் மிஞ்சும், முகமெல்லாம் களிமண். மூல ஹெய்க்கில் இருந்து அடித்திருந்தால் 12 மெகாபிக்சலுக்கு 224, ஐபோன் 15இன் 24 மெகாபிக்சல் படத்துக்கு 317. வித்தியாசத்தைக் கண்ணாடி போட்ட தாத்தாவே சொல்லிவிடுவார். வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அப்போது ஹெய்க் ஹெய்க்காகவே போகும் என்பதை மறந்துவிடக் கூடாது. வாங்குகிறவர் திறக்க வழி வைத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் ஹெய்ஃபுக்கு ஆதரவு இருக்கிறது, அதற்கு முந்திய கைப்பேசியில் சிரமம்.

மாற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே பேச வேண்டும், ஏனென்றால் நல்ல படம் கெட்டுப்போவது இங்கேதான். எக்ஸ்என்கன்வெர்ட் என்ற மென்பொருள் சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஒரு ஃபோல்டரையே தூக்கிப் போட்டுவிடலாம். வெளியீட்டில் ஜேபெக், தரம் 92. நூறு வைத்தால் கோப்பு ஊதுமே தவிர, ஹெய்க்கில் இல்லாத நுணுக்கம் வந்து சேராது. எண்பதுக்குக் கீழே போனால் ஏற்கெனவே சுருங்கிய படம் இரண்டாம் முறை சுருங்கி, பட்டுச்சேலையின் ஜரிகைக் கரையில் மணல் தூவியது போல் தெரியும். மேக் வைத்திருப்பவர்களுக்கு எதுவும் ஏற்ற வேண்டாம். மான்டரே பதிப்பு முதல், படங்களைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கில் குவிக் ஆக்‌ஷன்ஸ், கன்வெர்ட் இமேஜ். லினக்ஸ்காரர்களுக்கு லிப்ஹெய்ஃப் உண்டு. அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

நிறம் தனிக் கதை. ஐபோன் படங்கள் டிஸ்பிளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் பதிகின்றன. பெரும்பாலான அச்சு இயந்திரங்கள் எதைக் கொடுத்தாலும் எஸ்ஆர்ஜிபி என்ற பழைய, குறுகிய நிறவெளி என்றே எடுத்துக்கொள்ளும். மாற்றும் கருவி நிறக்குறிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு எண்களை மட்டும் கடத்தினால், குங்குமச் சிவப்பு செங்கல் பொடியாகும், செவ்வந்தி வெளிறும், அம்மன் கட்டிய அரக்குச் சேலை சாயம் போன மாதிரி வரும். திரையில் நன்றாக இருந்தது, தாளில் செத்துப்போய் வந்தது என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். கடைக்காரரின் மையைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் செய்கிறவர்கள் கன்வெர்ட் டு புரொஃபைல் எடுத்து எஸ்ஆர்ஜிபி கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே அசைன் புரொஃபைல் என்று ஒன்று இருக்கும். அது எண்களை மாற்றாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். பிழை அப்படியே இருக்கும். விண்டோஸில் ஃபோட்டோஷாப் ஹெய்க்கைத் திறக்க, மேலே சொன்ன இரண்டு எக்ஸ்டென்ஷனும் வேண்டும்.

இன்னொன்று, தலைகீழ். நிமிர்த்தி எடுத்த படம் மாற்றியபின் படுத்துக்கொண்டோ தலைகீழாகவோ வந்தால், அந்தக் கருவி திருப்பும் குறிப்பை இரண்டு இடத்தில் படித்து இரண்டு முறை திருப்பியிருக்கிறது. ஹெய்க்கில் திசை கேரியரிலும் எழுதியிருக்கும், எக்ஸிஃப் என்ற படக்குறிப்புப் பகுதியிலும் எழுதியிருக்கும். கேரியரில் உள்ளதுதான் செல்லும். புதிய பதிப்புக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். போர்ட்ரெய்ட் படத்தின் பின்னணி மங்கலைப் பிறகு கூட்டிக் குறைக்க உதவும் தூரக் கணக்கையும் பல கருவிகள் விட்டுவிடுகின்றன. ஆகவே, மாற்றியபின் மூலத்தை அழிக்காதீர்கள்.

பாதியில் அறுந்த கோப்பு விஷயத்தில் ஜேபெக்கே மேல். பென்டிரைவை அவசரமாகப் பிடுங்கினால் ஜேபெக் மேல்பாதியைக் காட்டிக் கீழே சாம்பல் பூசும். 12 மெகாபிக்சல் ஐபோன் ஹெய்க் 512க்கு 512 புள்ளித் துண்டுகளாக, எட்டுக்கு ஆறு, 48 துண்டாக அடுக்கி வைத்தது. கடைசித் துண்டுகள் இல்லாவிட்டாலும் பெரும்பாலான மென்பொருள் முழுப் படத்தையே திறக்க மறுக்கும். பாதிப் படமாவது கிடைத்ததே என்ற ஆறுதலும் கிடையாது.

கணினியே இல்லாதவர்களுக்கு ஐபோனிலேயே வழி இருக்கிறது. படத்தை ஃபைல்ஸ் செயலியில் சேமித்து, விரலை அழுத்திப் பிடித்தால் குவிக் ஆக்‌ஷன்ஸ். அதில் கன்வெர்ட் இமேஜ், ஜேபெக். ஐஓஎஸ் 16 முதல் உண்டு. பள்ளிப் பதிவு, உதவித்தொகை போன்ற இணையப் படிவங்களுக்கு இன்னும் சுலபம்: படம் ஏற்றும் பொத்தானை அழுத்தியதும் ஃபோட்டோ லைப்ரரி வழியாகத் தேர்ந்தெடுத்தால், படிவம் ஜேபெக் கேட்கும் பட்சத்தில் ஐபோன் தானாகவே மாற்றிக் கொடுத்துவிடும். சூஸ் ஃபைல் வழியாகப் போனால் மாற்றாது, படிவம் துப்பிவிடும். ஒரே படம், இரண்டு கதவு.

இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கூப்பிடும் இணையத்தளங்களில் அடையாள அட்டைப் படத்தைப் போடாதீர்கள். எங்கோ ஒரு கணினியில் அதன் நகல் உட்காரும். எடுத்த இடத்தின் ஆயத்தொலைவும் கோப்புக்குள் இருக்கும் என்பதால் வீட்டு வாசல்வரை தகவல் போகும். பகிரும் திரையின் மேலே ஆப்ஷன்ஸ் அழுத்தி லொகேஷனை அணைக்கலாம்.

இவ்வளவு தொல்லை என்றால் ஹெய்க்கையே அணைத்துவிடலாமா? செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மெட்ஸ், அங்கே ஹை எஃபிஷியன்சிக்குப் பதில் மோஸ்ட் கம்பேட்டிபிள். எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் அன்றைக்கே அச்சுக்கோ அலுவலகத்துக்கோ கொடுக்கிறவர், உதாரணமாகப் பள்ளி விளையாட்டுப் போட்டியை எடுக்கும் ஆசிரியர், அணைப்பதே நல்லது. இடம் இரண்டு மடங்கு போகும், தலைவலி மிச்சம். ஆனால் அதே பொத்தான் வீடியோவையும் பிடிக்கிறது: விநாடிக்கு 60 பிரேம் 4கே வீடியோ அதோடு போய்விடும். காவடி ஆட்டத்தை வீடியோ எடுக்கிறவர் இதைத் தெரிந்துகொண்டு அணைக்கட்டும். மற்ற வீட்டு உபயோகத்துக்கு ஹெய்க் ஓடட்டும். சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு கேமரா அமைப்பில் ஹை எஃபிஷியன்சி பிக்சர்ஸ் என்று தனிப் பொத்தான் உண்டு. யாரும் தொடாதவரை ஜேபெக்தான் எடுக்கும், அதனால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் ஐபோன் வீட்டுப் பிரச்சினை.

கல்யாணப் படம் எடுப்பவர்களின் புதிய கேனன், சோனி கேமராக்களும் ஹெய்ஃப் எழுதும், எச்ஐஎஃப் என்ற வாலோடு. அது 10 பிட் ஆழமுள்ளது, அதாவது நிறப் படிகள் கூடுதல். ஐபோன் ஹெய்க்கைத் திறக்கும் கணினிகூட இதற்கு முகத்தைத் திருப்பலாம். மூலம் ரா (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), கொடுப்பது ஜேபெக் என்ற பழைய ஏற்பாடே அவர்களுக்குப் போதும்.

போட்டியாளர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏவிஃப், உரிமக் கட்டணம் இல்லாதது. 2020இல் குரோம், அடுத்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸ், 2022இல் சஃபாரி என்று உலாவிகள் ஏற்றுக்கொண்டன. இணையத்தளம் நடத்துகிறவருக்கு நல்ல தேர்வு. அச்சுக் கடைக்கு இன்னும் அந்நியம். கூகள் 2010இல் கொண்டுவந்த வெப்பி, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக எல்லார் கையிலும் இருக்கிறது, யாருக்கும் பெயர் தெரியாது. தொழில்நுட்பத்தில் பிடித்தது ஜேபெக் எக்ஸ்எல்தான். பழைய ஜேபெக்கை ஒரு புள்ளிகூட இழக்காமல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறிதாக்கி, வேண்டும்போது அதே பழைய கோப்பாகவே திருப்பித் தரும் வித்தை இந்தப் போட்டியாளர்களில் அதற்கு மட்டும் தெரியும். 2023 தொடக்கத்தில் வந்த 110ஆம் பதிப்பில் குரோம் அதைக் கழற்றிவிட்டது; ஆப்பிள் சஃபாரி 17இல் சேர்த்தது, ஐபோன் 16 புரோவின் ரா படங்களுக்குள்ளும் வைத்தது. நல்ல மாப்பிள்ளை, ஆனால் இன்னும் வீடு அமையவில்லை.

தோட்டம் துண்டாடப்பட்டு லயங்கள் இடிபட்டபின், மிஞ்சியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்கிறவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹெய்க் வேண்டாம். துடைக்கும் குணம் பழைய படத்தின் தாள் மணியையும், அதாவது பொடிப்பொடியான புள்ளிகளையும், சேர்த்துத் துடைக்கும். பால்மரத் தூக்குவாளி பிடித்து நிற்கும் மனிதரின் சட்டைத் தையல் அந்த மணிக்குள்தான் இருக்கிறது. 600 புள்ளி அடர்த்தியில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்து, பார்வைக்கு ஒரு ஜேபெக் நகல் எடுத்துக்கொள்ளட்டும். கைப்பேசியில்தான் படம்பிடிக்க முடியும் என்றால் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், மோஸ்ட் கம்பேட்டிபிள் வைத்து எடுக்கலாம்.

கோவில் நிர்வாகத்துக்கோ உறவினருக்கோ பென்டிரைவ் கொடுக்கும்போது இரண்டு ஃபோல்டர் வையுங்கள்: ஒன்றில் மூல ஹெய்க், மற்றதில் அச்சுக்கான ஜேபெக். இரண்டிலும் கோப்பு எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். லைவ் ஃபோட்டோ எடுத்திருந்தால் முதலாவதில் ஒவ்வொரு படத்தோடும் ஒரு சிறு எம்ஓவி வீடியோவும் இருக்கும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியிலிருந்து அழிப்பதற்கு முன், கடைக் கணினியில் நாலைந்து படமாவது திறந்து பார்த்துவிடுங்கள்.